லெட்ஜரிலிருந்து செல்போன் வரை

"கம்ப்யூட்டர் என்றால் எல்லாம் ஒன்றுதானே?" என்று பக்கத்து பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்றல்ல. நம் வங்கிகளின் கதையைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

1980களின் தொடக்கம் வரை உங்கள் சேமிப்புக் கணக்கு தடித்த லெட்ஜரில்தான் இருந்தது. அரையாண்டு வட்டியை எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் கையால் போடுவோம். பேலன்சிங்கில் பத்துப் பைசா உதைத்தாலும் இரவு வரை தேட வேண்டியதுதான்.

1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எத்தனை எந்திரம், எந்தெந்த வேலைக்கு என்று அதில் வரம்பு கட்டினார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் அப்படி! 1984-இல் ரிசர்வ் வங்கியின் சி. ரங்கராஜன் குழு தந்த அறிக்கையில் மூன்று வகைக் கருவிகள் வந்தன.

கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் எந்திரம்: தனித்து இயங்கும், வரவு செலவு பதியும், வட்டி போடும். வட்டார அலுவலகத்துக்கு மினி கம்ப்யூட்டர்: பல கிளைகளின் விவரங்களைத் தொகுக்கும். தலைமை அலுவலகத்துக்கு மெயின்ஃபிரேம்: வங்கி முழுவதற்குமான பெருங்கணக்கைத் தாங்கும்.

பிறகு பெர்சனல் கம்ப்யூட்டர்கள் கவுண்டருக்கு வந்தன. கோர் பேங்கிங் வந்ததும் கணக்குகள் எல்லாம் தலைமையிடத்து சர்வருக்குப் போய்விட்டன. கிளை இன்று ஒரு ஜன்னல் மட்டுமே. லைன் போனால் வேலை நிற்கும். லெட்ஜருக்கோ மின்சாரம்கூட வேண்டியதில்லை. 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் அந்த ஜன்னல் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. செல்போனும் ஒரு கம்ப்யூட்டர்தான்.

எங்கள் பயம் வீணா? எந்திரம் வந்ததற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் 2000-01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். முகத்தைப் பார்த்தே கணக்கு எண் சொன்ன ஊழியர்களும் அவர்களோடு போனார்கள். பத்துப் பைசாவுக்காக நாங்கள் தேடிய வேலையை இப்போது நீங்கள்தான் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை பாஸ்புக்கைப் பதிந்து, வரிக்கு வரி பாருங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.