செல்போர்ன் தோட்டக் குறிப்புகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள சிற்றூர் செல்போர்ன். அங்கு வாழ்ந்த கில்பர்ட் வைட் (1720–1793) 1751 முதல் இறக்கும்வரை எழுதிவந்த நாட்குறிப்புகள் செல்போர்ன் தோட்டக் குறிப்புகள் எனப்படுகின்றன. விதைப்பையும் அறுவடையையும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு தோட்டக்காரர் தொடங்கிய கணக்கு இது. நாளடைவில் குளிர்நாட்டின் பருவங்களைப் பற்றிய மிக நீண்ட பதிவுகளில் ஒன்றாக வளர்ந்தது. 1789-இல் வெளிவந்த அவருடைய ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ என்ற புகழ்பெற்ற நூலுக்கும் இதுவே அடித்தளம்.

வைட் ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரியில் பயின்றவர். செல்போர்ன் தேவாலயத்தின் தலைமைப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை வேறொரு கல்லூரியிடம் இருந்ததால் சொந்த ஊரிலேயே அவரால் அந்தப் பதவிக்கு வரமுடியவில்லை. உதவிப் பாதிரியாராகவே காலம் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ‘தி வேக்ஸ்’ என்ற குடும்ப வீடும் அதன் பின்னால் இருந்த தோட்டமும்தான் அவருடைய உலகம்.

தோட்டத்து மண் கெட்டியான களிமண். மழையில் சேறாகும், வெயிலில் வெடிக்கும். சாம்பலும் எருவும் கலந்து பல ஆண்டுகள் பண்படுத்த வேண்டியிருந்தது. இந்த மண்ணில், கோடை குறுகியதும் பலநேரம் குளிர்ந்ததுமான ஒரு நாட்டில், அவர் முலாம்பழம் விளைவிக்க விரும்பினார். தமிழகத்தில் ஆற்றுமணலில் தானாக விளைவதுபோல் கொடியோடும் பயிர், அங்கே பெரும்பாடு.

அதற்கு அவர் கையாண்டது அக்கால இங்கிலாந்தில் வழக்கமாயிருந்த சூட்டுப்பாத்தி முறை. புதிய குதிரை லத்தியை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து மேடாகக் குவிப்பார்கள். அது நொதிக்கும்போது வெப்பம் வெளிப்படும். அதன்மேல் மண் பரப்பி, கண்ணாடி பதித்த மரச்சட்டத்தால் மூடி, குளிர் முழுதும் விலகுமுன்பே விதை ஊன்றுவார்கள். சூடு மிகுந்தால் வேர் வெந்துவிடும். ஆவி தங்கினால் நாற்று அழுகிவிடும். சூடு தணிந்துவிட்டாலோ ஓர் இரவின் உறைபனி போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆகவே பகலில் சட்டத்தைச் சற்றே தூக்கி வைப்பதும் இரவில் பாய்போட்டு மூடுவதும் நாள்தோறும் செய்யவேண்டிய வேலைகள். வானத்தையும் காற்றையும் பார்க்காமல் இவற்றில் ஒன்றையும் செய்யமுடியாது. 1751-இல் தொடங்கிய ‘தோட்ட நாட்குறிப்பு’ முழுவதும் இந்தக் கவலையே நிறைந்திருக்கிறது. ஓர் ஆண்டு செப்டம்பரில் ஊரார் பதினான்கு பேரைக் கூட்டி, முற்றிப் பழுத்த சில பழங்களைப் பகிர்ந்து உண்டதை ஒரு விழாவாகவே எழுதி வைத்திருக்கிறார்.

பழைய பதிவுகளைப் படிப்போர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். 1752 செப்டம்பரில் இங்கிலாந்து நாட்காட்டியிலிருந்து 11 நாட்களை நீக்கியது. அதற்கு முந்தைய தேதிகளை இன்றைய தேதிகளோடு அப்படியே ஒப்பிட்டால், பருவமே இடம்மாறியதுபோலத் தோன்றும்.

1766-இல் வைட்டின் பார்வை வேலியைத் தாண்டியது. அவ்வாண்டு ஊரின் காட்டுச் செடிகள் பூப்பதையும் பறவைகள் வருவதையும் தனியாகக் குறித்தார். 1768 முதல் டெய்ன்ஸ் பாரிங்டன் வடிவமைத்த அச்சிட்ட கட்டங்கள் கொண்ட ஏட்டில் எழுதத் தொடங்கினார். காற்று, வெப்பநிலை, முதல் தளிர், முதல் பூ, பறவைகளும் பூச்சிகளும் தோன்றும் நாள், மறையும் நாள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால் கண் தானாகத் தேடும் என்பதே இந்த ஏட்டின் பெரும்பயன் என்று சொல்லலாம்.

தோட்டத்தின் இழப்புகளும் அவருக்கு ஆய்வுப்பொருளாயின. 1768 ஜனவரியில் கடும் உறைபனி பல பசுமைமாறாப் புதர்களை அழித்தது. வெயில் படும் தெற்குப்பக்கச் செடிகள் கருக, நிழலில் இருந்தவை தப்பியதை அவர் கண்டார். பகலில் பனி உருகி இரவில் மீண்டும் உறைவதே செடியைக் கொல்கிறது, வெறும் குளிர் அவ்வளவு கொல்வதில்லை என்று முடிவுசெய்தார். எனவே பனிக்காலத்தில் விலைமதிப்புள்ள செடிகளுக்கு வெயில் படாமல் மறைப்புக் கட்டச் சொன்னார். முதலில் கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

1780-இல் அத்தையின் மறைவுக்குப்பின் டிமதி என்ற நிலத்தாமை அவர் தோட்டத்துக்கு வந்தது. நவம்பரில் மண்ணைத் தோண்டிப் புதைந்து ஏப்ரலில் வெளிவரும் அதன் ஒவ்வொரு அசைவையும் குறித்தார். அது பெண்ணாமை என்பது பின்னாளில் ஓட்டை ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது.

அக்காலத்தில் பலரை அலைக்கழித்த கேள்வி ஒன்றும் இங்கே குறுக்கிடுகிறது. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன? தென்னாடுகளுக்குப் பறந்துவிடுகின்றன என்பதை வைட் பெரும்பாலும் ஏற்றார். ஆயினும் சில பறவைகளாவது எங்காவது ஒளிந்து உறங்கக்கூடும் என்ற ஐயம் அவரை விடவில்லை. புதர்களையும் பொந்துகளையும் தேடிப்பார்த்தார், எதுவும் கிடைக்கவில்லை. கண்ணெதிரே ஆமை மண்ணுக்குள் உறங்கி எழும் தோட்டத்தில் அந்த ஐயம் எளிதில் நீங்கியிருக்காது.

1783 ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை விசித்திரமான புகைமூட்டம் சூழ்ந்து, நண்பகல் சூரியனே மங்கித் தெரிந்ததை அவர் எழுதியுள்ளார். இத்தாலியின் நிலநடுக்கங்களோடு அதைச் சேர்த்து நினைத்தார். ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவு அந்த ஜூன் 8 அன்று வெடித்ததே உண்மைக் காரணம் என்பது பின்னர் விளங்கியது. காரணம் தெரியாமலே தேதியைச் சரியாகக் குறித்து வைத்ததால் அவருடைய பதிவு இன்றும் பயன்படுகிறது.

மண்புழுக்கள் மண்ணைத் துளைத்து இளக்கி, மழைநீரும் வேரும் உள்ளே இறங்க வழிசெய்கின்றன என்று அவர் 1777-இல் எழுதினார். பயிரைக் கெடுக்கும் உயிரென்று தோட்டக்காரர்கள் அவற்றை வெறுத்த காலம் அது. சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டது 1881-இல்தான்.

வைட் தம் கடைசி ஆண்டுகளில் நார்ஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் என்பவருடன் கடிதத்தொடர்பு கொண்டார். மார்ஷம் 1736 முதல் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறித்துவந்தவர். மரங்கள் தளிர்ப்பது, தவளைகள் கத்துவது, தகைவிலான் வருவது ஆகியவற்றை அவருடைய வழித்தோன்றல்கள் 1958 வரை தொடர்ந்து பதிவுசெய்தனர். வெப்பம் கூடிய ஆண்டுகளில் மரங்கள் எத்தனை நாள் முந்தித் தளிர்க்கின்றன என்பதைக் கணக்கிட, காலநிலை ஆய்வாளர்கள் அந்த ஏடுகளைப் பயன்படுத்துகின்றனர். வைட்டின் குறிப்புகள் 1793 ஜூன் மாதத்தோடு நின்றன. அம்மாதம் 26-ஆம் நாள் அவர் காலமானார். ‘தி வேக்ஸ்’ இப்போது அருங்காட்சியகமாக உள்ளது.