இடத்தில் நின்று அளந்தவர் யார்? பினாங்கிலிருந்து ஒரு கதிர்வீச்சுக் கண்காணிப்பு வரலாறு

1993 டிசம்பர் 23 அன்று மலேசிய உச்ச நீதிமன்றம் புக்கிட் மேரா வழக்கில் தீர்ப்பளித்தது. பேராக் மாநிலத்தில் இயங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையை நிறுத்தும்படி ஈப்போ உயர் நீதிமன்றம் முந்தைய ஆண்டு பிறப்பித்திருந்த ஆணையை அது தள்ளுபடி செய்தது. காரணங்கள் இரண்டு. ஆலைத் தரப்பு நிபுணர்கள் அந்த இடத்திலேயே சோதனை நடத்தியவர்கள், ஆகவே குடியிருப்பாளர் தரப்பு நிபுணர்களைவிட நம்பத்தக்கவர்கள் என்பது ஒன்று. உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் அணுசக்தி உரிம வாரியத்திடம் இருப்பதால் மக்கள் முதலில் அங்கே முறையிட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தைச் சட்ட ஆய்வாளர்களுக்கு விட்டுவிடலாம். முதல் காரணமே இக்கட்டுரையின் பொருள். இடத்தில் நின்று, போதிய காலம் அளந்தவர் யார் என்ற கேள்வி மலேசியக் கதிர்வீச்சுச் சர்ச்சைகள் எல்லாவற்றிலும் ஊடாடுகிறது. உலகின் வேறு மூலைகளில் தன்னார்வலர்கள் வீட்டில் கட்டிய கருவிகளையும் பகிர் கணிமையையும் கொண்டு அதற்கு விடை தேடினார்கள். அந்த விடை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பினாங்கின் கண்கொண்டு பார்க்கிறேன்.

ஏன் பினாங்கு? வழக்கு பேராக்கில் நடந்தது. அதைத் தோளில் சுமந்தது ஜோர்ஜ்டவுன். 1969இல் உருவாகி, எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் வளர்ந்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், அதன் தோழமை அமைப்பான சஹாபாட் ஆலாம் மலேசியாவும் புக்கிட் மேரா மக்களுக்குப் பக்கபலமாக நின்றன. சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் மக்களுக்காக வாதாடிய குழுவில் இருந்தார். 1987 அக்டோபரில் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதானவர்களில் அவரும் ஒருவர். புக்கிட் மேரா போராட்டக் குழுவினரும் அதே நாட்களில் கைதானார்கள். கதிர்வீச்சு அளவைப் பற்றி நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதே தேசப் பாதுகாப்பு விவகாரமாகப் பார்க்கப்பட்ட காலம் அது.

பினாங்குக்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. ஜோர்ஜ்டவுன் டத்தோ கெராமாட் சாலையிலும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்திலும் இருந்த உருக்காலைகள் தீபகற்பத்து வெள்ளீயத் தாதுவைப் பல பத்தாண்டுகள் உருக்கின. வெள்ளீயச் சுரங்கங்களான லம்பங்களில் தாதுவைக் கழுவிப் பிரித்தபின் எஞ்சும் கனமான கருமணலை இங்கே அமாங் என்பார்கள். அதில் இல்மனைட், சிர்க்கான், செனோடைம் ஆகியவற்றோடு மோனசைட்டும் கிடக்கும். மோனசைட்டில் தோரியம் உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்ததும் இதே கனிமம்தான். அன்று அதைத் தேடியது விளக்கு மேண்டில் செய்ய. அந்தி நேரத்துச் சாலையோரக் கடைகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் வெண்ணொளி தோரியம் ஊறிய வலையிலிருந்து வந்தது. பின்னர் மோனசைட்டுக்கு மதிப்பு கூடியது அதிலுள்ள அரிய மண் தனிமங்களால். தோரியம் கழிவாயிற்று.

பாப்பானில் குழி, புக்கிட் மேராவில் குளம்

பினாங்குக்காரர்களுக்குப் புக்கிட் மேரா என்றால் வடபேராக்கின் ஏரியும் உல்லாசப் பூங்காவும் நினைவுக்கு வரும். இது அதுவல்ல, ஈப்போவுக்குத் தெற்கே லஹாட் அருகிலுள்ள புதுக்கிராமம். அங்கே 1979இல் பதிவான ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் 1982இல் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்துக்கு அதில் 35 விழுக்காட்டுப் பங்கு. தோரியக் கழிவை முதலில் பாரிட்டில் கொட்டத் திட்டமிட்டார்கள். அங்கு எதிர்ப்பு எழவே பாப்பானில் குழி வெட்டினார்கள். 1984இல் பாப்பான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அரசுக்கு அப்போது வயதில் இளைய அணுத்துறை ஒன்று இருந்தது. பாங்கியிலுள்ள ஆராய்ச்சி மையத்தின் டிரிகா உலை இயங்கத் தொடங்கியதே 1982இல்தான். அணுசக்தி உரிமச் சட்டம் 1984இல் வந்தது. உரிம வாரியம் 1985இல் அமைந்தது. ஆலை ஓடத் தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்தே அதை மேற்பார்க்கும் வாரியம் பிறந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கிராமத்தாரிடம் சொந்தமாக ஒரு மானியும் இல்லை, ஆலைக்கு முந்தைய ஒரு பதிவும் இல்லை.

1984 டிசம்பரில் மக்களின் அழைப்பில் ஜப்பானிலிருந்து சடாவோ இச்சிகாவா வந்தார். சைத்தாமா பல்கலைக்கழக மரபியல் பேராசிரியர். ஆலையை ஒட்டிய திறந்தவெளியிலும் குளத்தருகிலும் அவர் அளந்ததில் உச்ச அளவு ஆண்டுக்கு 43,800 மில்லிரெம் என அறிவிக்கப்பட்டது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்கு அன்று வைத்திருந்த வரம்பு 500 மில்லிரெம். 88 மடங்கு என்று தலைப்புச் செய்திகள் சொன்னது இந்தக் கணக்கில்தான்.

அந்த எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 43,800ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 5 மில்லிரெம் வருகிறது, இன்றைய அலகில் 50 மைக்ரோசீவர்ட். அதாவது ஓரிடத்து முள் காட்டிய அளவு, ஒருவர் ஆண்டு முழுக்க, இரவும் பகலும் அங்கேயே நின்றால் என்ன ஆகும் என்று விரிக்கப்பட்டிருக்கிறது. ஆலைத் தரப்பு பிடிக்கக்கூடிய இடம் இது. ஆனால் பெருக்கலை ஒதுக்கிவிட்டாலும் மணிக்கு 5 மில்லிரெம் என்பது சாதாரணப் பின்னணிக் கதிர்வீச்சைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. வேலியருகே விளையாடும் பிள்ளை நாளுக்கு அரை மணி நேரம் நின்றாலே அன்றைய வரம்பைத் தாண்டிவிடும். மறு ஆண்டே ஆணையம் தன் முதன்மை வரம்பை 100 மில்லிரெம்முக்கு இறக்கியது.

இச்சிகாவாவின் பின்னணி இங்கே நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. டிரடெஸ்கான்ஷியா என்ற சிறு பூச்செடியின் மகரந்தத்தாள் மயிரிழைகளில் நீல நிற உயிரணுக்கள் கதிர்வீச்சால் இளஞ்சிவப்பாக மாறுவதை ஆராய்ந்தவர் அவர். 1970களில் ஜப்பானின் ஹமாவோகா அணுமின் நிலையத்தைச் சுற்றி இச்செடிகளை வளர்த்து, நுண்ணோக்கியில் செல் செல்லாக எண்ணும் பணியில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் ஈடுபட்டார். வெப்பநிலை மாற்றமும் இந்த நிறமாற்றத்தைப் பாதிக்கும் என்பதால் முடிவுகள் விவாதத்துக்குள்ளாயின. ஆயினும் வீட்டில் வளர்த்த ஓர் உணரியை வைத்துக்கொண்டு அணுநிலையத்துக்கு வெளியே நின்ற குடிமக்கள் கணக்கெடுத்த மரபைச் சேர்ந்தவர்தான் பேராக்குக்கு வந்தார். புக்கிட் மேராவின் வரலாற்றை எழுதியவர்கள் அவரை ‘வெளிநாட்டு நிபுணர்’ என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

1985 பிப்ரவரியில் எட்டுப் பேர் ஊர் மக்கள் சார்பில் வழக்குத் தொடுத்தார்கள்; அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987 பிப்ரவரியில் வாரியம் ஆலைக்கு உரிமம் வழங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிய விசாரணை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே சுவீ சின் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதைத்தான் உச்ச நீதிமன்றம் கவிழ்த்தது. வென்ற நிறுவனம் 1994 ஜனவரியில் தானாகவே ஆலையை மூடுவதாக அறிவித்ததும், கிளேடாங் மலைத்தொடரில் கழிவைப் புதைத்துச் சுத்தம் செய்ய ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் ஆனதும் பின்கதை.

அளவுகோல் கைமாறியது

குடிமக்கள் கையில் மானி சேர்ந்த கதை விபத்துகளின் வரிசை. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பின், மக்கள் அதிகாரிகளின் எண்களை நம்ப மறுத்ததால், 1980இல் அரசே 12 ஊர்களில் குடிமக்களுக்குப் பயிற்சியளித்து அளக்க வைத்தது. 1986 செர்னோபில்லுக்குப் பின் பிரான்சில் கிரிராட் என்ற சுயேச்சை ஆய்வகம் பிறந்தது. இவை இரண்டிலும் கருவி விலை உயர்ந்தது. சிலர் கையில் மட்டும் இருந்தது.

1999 மே மாதம் பெர்க்லியிலிருந்து வெளிவந்த செட்டி@ஹோம் வேறொரு வழியைக் காட்டியது. சும்மா இருக்கும் வீட்டுக் கணினிகளைச் சேர்த்து ஆராய்ச்சி செய்யலாம் என்று இலட்சக்கணக்கானோர் பழகினார்கள். அத்திட்டத்தின் டேவிட் ஆண்டர்சன் அதையே பொதுத் தளமாக விரித்து பொயிங்க் மென்பொருளை உருவாக்கினார். 2011இல் போலந்தின் பொயிங்க் ஆர்வலர்கள் அதன்மேல் ரேடியோஆக்டிவ்@ஹோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். சோவியத் காலத்து எஸ்பிஎம்-20 கைகர் குழாய், 400 வோல்ட் தரும் சிறு மின்சுற்று, யூஎஸ்பி வடம், அவ்வளவுதான் உணரி. பகிர் கணிமை என்று சொன்னாலும் இங்கே கணினி கணக்குப் போடுவது மிகச் சொற்பம். எண்ணிக்கையை வாங்கி மைய வழங்கிக்கு அனுப்புகிற தபால்காரன் வேலைதான். ஆனால் பொயிங்க்கின் புள்ளி வழங்கும் வழக்கம் ஒரு காரியம் செய்தது: கருவியை அணைக்காமல் மாதக்கணக்கில் ஓடவிட ஆட்களைத் தூண்டியது.

அதே ஆண்டு மார்ச் 11 புகுஷிமா அணு விபத்துக்குப் பின் ஜப்பானில் சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வத் திட்டம் பிறந்தது. டோக்கியோ ஹேக்கர்ஸ்பேஸில் கட்டிய பிகைகர் கருவியைக் காரில் பொருத்தி ஓட்டினால் ஐந்து விநாடிக்கொரு தடவை அளவும் இடமும் பதிவாகும். எல்லாத் தரவும் உரிமைக் கட்டுப்பாடின்றிப் பொதுவில் வைக்கப்பட்டன. பின்னர் வந்த நானோ, வாங்குபவரே பற்றவைத்துச் சேர்க்க வேண்டிய தொகுப்பு. சேஃப்காஸ்டுக்காக ஒரு கைகர் மானியை வடிவமைத்த ஆண்ட்ரூ ஹுவாங் சிங்கப்பூரில் வசிப்பவர். மிட்சுபிஷி ஆலையை அளக்க ஜப்பானியர் ஒருவர் இங்கு வந்தார்; புகுஷிமாவை அளக்கும் கருவிக்கு நம் பக்கத்திலிருந்து ஒருவர் கைகொடுத்தார்.

சேஃப்காஸ்ட் பரப்பைத் தருகிறது, ரேடியோஆக்டிவ்@ஹோம் காலத்தைத் தருகிறது. புக்கிட் மேராவில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது.

பினாங்கில் ஒரு குழாய் என்ன எண்ணும்?

ஐ.நா. அறிவியல் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கை மலேசியாவின் நிலப் பின்னணியைச் சராசரியாக மணிக்கு 92 நானோகிரே என்று குறிக்கிறது. உலகச் சராசரி 59. பினாங்குத் தீவின் முதுகெலும்பே கருங்கல். கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் இயல்பாகவே கூடுதல். ஆக, இங்கே வீட்டில் வைத்த எஸ்பிஎம்-20 நிமிடத்துக்கு 20 அல்லது அதற்குச் சற்று மேல் எண்ணினால் பதற ஒன்றுமில்லை. அதே குழாய், இச்சிகாவா உச்ச அளவு கண்ட இடத்தில் நிமிடத்துக்கு எட்டாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

கதிரியக்கச் சிதைவு தற்செயலானது. 20 எண்ணும் நிமிடத்தில் நாலைந்து கூடியோ குறைந்தோ வருவது சகஜம்; ஒரு நிமிட எண்ணைப் பார்த்து அலறுகிறவர் ஐந்தில் ஒரு பங்கு இரைச்சலைப் பார்த்து அலறுகிறார். ஒரு மணி நேரம் எண்ணினால் பிழை 3 விழுக்காட்டுக்கு வரும், ஒரு நாள் எண்ணினால் 1 விழுக்காட்டுக்குள் இறங்கும். பிறகு மழை. மாலையில் கொட்டித் தீர்க்கும் பினாங்கு மழை, காற்றில் மிதக்கும் ரேடான் வழித்தோன்றல்களைத் தரைக்கு இறக்கும். எண்ணிக்கை ஏறும். ஈயம்-214இன் அரை ஆயுள் 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதை அறியாத தன்னார்வலர் ஒவ்வொரு பருவமழைக்கும் ஓர் ஆலையைக் குற்றம் சாட்டுவார்.

இன்னும் கடினமான எல்லை ஒன்று இருக்கிறது. கைகர் குழாய் எண்ணுமே தவிர, வந்தது எந்தத் தனிமத்திலிருந்து என்று சொல்லாது. தோரியத் தூசியை மூச்சில் இழுத்தவரின் நுரையீரலில் ஆல்ஃபா துகள் செய்யும் வேலையை மேசைமேல் இருக்கும் எஸ்பிஎம்-20 அறியாது. அதன் உலோகச் சுவரை ஆல்ஃபா துளைப்பதில்லை. புக்கிட் மேராவில் சுமார் 11,000 பேர் வாழ்ந்த பகுதியில் எட்டு இரத்தப் புற்றுநோய் நிகழ்வுகள் பேசப்பட்டன. மறுபுறம், மோனசைட் மணல் நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கைக் காமாக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதற்குச் சான்றில்லை என்றது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது: ஒன்று கடற்கரை மணலின் வெளிக்கதிர், மற்றது ஆலைத் தூசியும் கழிவும். மானியில் தெரியும் எண்ணிலிருந்து நோய்க்குத் தாவுகிற எழுத்தைத் தன்னார்வலர் தரப்பிலும் கண்டிருக்கிறோம், ‘இயற்கைப் பின்னணிதானே’ என்று கையுதறும் எழுத்தை நிறுவனத் தரப்பிலும் கண்டிருக்கிறோம்.

எனவே உச்ச நீதிமன்றத்தின் முதல் காரணத்துக்கு வீட்டு உணரி முழு விடையல்ல. அளவுத்திருத்தச் சான்று இல்லாத மானியின் பதிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். 2012இல் குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் அரிய மண் ஆலைக்குத் தற்காலிக உரிமம் கிடைத்தபோது எதிர்ப்பாளர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். குவாந்தானிலிருந்து தலைநகர் வரை சுமார் 300 கிலோமீட்டர் நடந்த பசுமைப் பேரணி ஒரு பக்கம் என்றால், ஜெர்மனியின் ஓகோ நிறுவனத்திடம் தொழில்நுட்ப மதிப்பீடு கேட்டு வாங்கியது மறுபக்கம். ஆனால் வாடகைக்கு எடுத்த நிபுணரால் கடந்த காலத்துக்குப் போய் அளக்க முடியாது. ஆலை வருமுன் அந்த ஊரில் சாதாரண நாளொன்றின் அளவு என்ன என்பதை அங்கே வாழ்கிறவரே பதிந்து வைத்திருக்க வேண்டும். ஒரே வகைக் குழாய்கள் பத்து வீடுகளில் ஓர் ஆண்டு ஓடியிருந்தால், தனித்தனி மானியின் துல்லியம் எப்படியிருந்தாலும், அவற்றுக்கிடையிலான வேறுபாடும் மாற்றத்தின் தேதியும் சான்றாக நிற்கும். தன்னார்வ வலையமைப்பின் உண்மையான பலம் அங்கேதான்.

இது பழங்கதையுமல்ல. உலு பேராக்கின் கெனெரிங்கில் அயனிக் களிமண்ணிலிருந்து அரிய மண் எடுக்கும் முன்னோடித் திட்டம் 2022இல் தொடங்கியது. அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் ஒன்று, இந்தக் களிமண்ணில் தோரியம் மிகக் குறைவு என்பது. சரிபார்க்கக்கூடிய கூற்று அது. இன்னும் தோண்டாத அண்டைப் பள்ளத்தாக்குகளில் இரண்டு பருவமழையும் உள்ளடங்க ஓர் ஆண்டு எண்ணிவைத்தால், அடுத்த சுரங்க விண்ணப்பம் வரும்போது ஒப்பிட ஒரு பதிவு இருக்கும். அதற்கான மின்சுற்றுகளைப் பற்றவைக்கத் தெரிந்த கைகள், 1972இலிருந்து மின்னணு ஆலைகள் நிறைந்த பாயான் லெப்பாசில் ஆயிரக்கணக்கில் உண்டு.