பிள்ளைக்கு முதல் துணி

சில வருஷங்களுக்கு முன்னால், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். உறவிலே ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வெறுங்கையோடு போகலாமா? மதுரையிலே ஜவுளிக்கடையில் ஜரிகை வைத்த பட்டுச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். குழந்தையின் பாட்டி அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியிலே வைத்து மூடிவிட்டாள்.

குழந்தையின் உடம்பில் கிடந்தது வேறொரு சட்டை. கையில்லாமல், முன்பக்கம் நாடா வைத்து முடிச்சுப் போடுகிற சட்டை. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கவேண்டும். வெளுத்து வெளுத்து இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. கீழே விரித்திருந்த துணியும் அப்படித்தான். பழைய வேட்டியும் சேலையும் நாலைந்து மடிப்பாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டது. மேல் மடிப்பிலே நாலு வீட்டுச் சேலைத் துண்டுகள்.

என் முகத்தைப் பார்த்துப் பாட்டிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"புதுசு ஒடம்ப அறுக்கும் தம்பி. எங்க அத்தை தொண்ணூறு வயசு இருந்தாக. அவுக சீலை இது. அந்த ஆயுசு இதுக்கும் வரட்டுமே!" என்றாள்.

இந்தப் பேச்சிலே இரண்டு சாஸ்திரங்கள் இருக்கின்றன. ஒன்று நெசவுக்காரர்களின் சாஸ்திரம். தறியில் பாவு அறுந்து போகாமல் இருக்க நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அந்த விறைப்பு புதுத் துணியில் இருக்கத்தான் செய்யும். பத்து நூறு வெளுப்புக் கண்ட துணி பூவாக இருக்கும். ஈரத்தையும் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும்.

மற்றது ஆயுசைப் பற்றிய சாஸ்திரம். இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலே பிறந்த 1000 குழந்தைகளில் 200க்கு மேல் ஒரு வயது நிரம்புமுன்பே இறந்துபோயின. பிறந்து பிறந்து இறந்த வீட்டில் அடுத்த குழந்தைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பேர் வைத்தார்கள். இது ஒருவருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றுகிற தந்திரம். பழந்துணி உடுத்துவதும் அந்தத் தந்திரத்தைச் சேர்ந்ததுதான். இது நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. ஜப்பானிலே கனஸாவா நகரத்துப் பக்கம், பல வீடுகளில் துணித் துண்டுகள் கேட்டு வாங்கி, ஒன்றாக இணைத்துக் குழந்தைக்கு அங்கி தைப்பார்கள். நூறு வீட்டுப் புண்ணியமும் பிள்ளையைக் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஊர் திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கரிசல் பூமி பருத்தி விளைகிற பூமி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பருத்தி விதையை ஆட்டிப் பருத்திப்பால் காய்ச்சிக் கொடுக்கிற சீமை. இங்கே பிள்ளைக்கு முதல் துணி ஏன் இரவல் துணியாக இருக்கவேண்டும்?

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் பதில் கிடைக்கிறது. பருத்தி இங்கே விளைந்தது; இங்கே தங்கவில்லை. 'திருநெல்வேலி' என்பது லிவர்பூல் சந்தையிலே ஒரு பருத்திச் சரக்கின் பெயராகவே வழங்கியது. 1861ஆம் வருஷம் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அங்கிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு போவது நின்றது. கரிசல் பருத்திக்கு அதுவரை காணாத விலை. வண்டி வண்டியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பாரம் போயிற்று. 1865இல் யுத்தம் முடிந்தது, விலையும் விழுந்தது. 1876இல் மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதே வருஷந்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. பஞ்சை ஏற்றிக்கொண்டு ரயில் போன பாதையின் இரு மருங்கிலும் ஜனங்கள் பஞ்சத்தில் கிடந்தார்கள்.

பிறகு ஆலைகள் வந்தன. கோவில்பட்டி லாயல் மில்லின் பூர்வீகம் 1891ஆம் வருஷம் தொடங்குகிறது. 1901இல் சர்க்கார் பண்ணை ஒன்று ஏற்பட்டு, கருங்கண்ணிப் பருத்தியைச் செம்மைப்படுத்த ஆராய்ச்சிகள் நடந்தன. எல்லோருக்கும் பருத்தி வாழ்வு கொடுத்துவிடவுமில்லை. பாரதியாரின் தகப்பனார் சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்தார். அது நொடித்துப் போயிற்று. 1898இல் அவரும் காலமாகிவிட்டார். ஆலை வைத்தவர் கதி இதுவானால், வெயிலிலே மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுத்தவள் கதியைக் கேட்கவேண்டுமா? அவள் வீட்டில் பழந்துணி என்று தனியாக ஒன்று கிடையாது. உடுத்தியிருந்ததே பழந்துணிதான்.

இங்கேதான் பாட்டியின் சாஸ்திரத்துக்கு மூன்றாவது அர்த்தம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. மாற்றுச் சேலை இல்லாதவள் பிள்ளை பெற்றால் என்ன செய்வாள்? நாலு வீட்டு வாசலில் நின்று பழந்துணி கேட்கவேண்டும். கேட்பதோ கூச்சம். ஆனால் நாலு வீட்டுத் துணி சேர்ந்தால்தான் பிள்ளைக்கு ஆயுசு என்று வழக்கம் ஏற்பட்டுவிட்டால், அப்புறம் கேட்பதில் கூச்சமில்லை. கொடுப்பதில் கர்வமும் இல்லை. இருக்கிறவளும் கேட்கிறாள், இல்லாதவளும் கேட்கிறாள். யார் உண்மையிலேயே இல்லாமல் கேட்டாள் என்பது ஊருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஏழ்மைக்கு மானத்தைப் போர்த்திவிட்டது அந்த ஒட்டுத்துணி விரிப்பு. இதை யோசித்து ஏற்படுத்தியவர்கள் யாரோ, அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

தையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரிப்புக்கு ஓட்டுத்தையல் போதும். அதை எந்தப் பாட்டியும் போட்டுவிடுவாள். கழுத்து வெட்டி நாடா வைத்துச் சட்டை தைப்பதற்கு வேறு பழக்கம் வேண்டும். திருநெல்வேலிச் சீமைப் பெண்களிடம் அந்தப் பழக்கம் பரவியதில் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு உண்டு. தெற்கே தேரி மணலிலே உள்ள இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா அம்மையார், 1844இல் கல்யாணமாகி வந்த பிறகு, பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்போடு ரேந்தை பின்னவும் சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் பெண்கள் பள்ளிகளில் தையலும் ஒரு பாடமாயிற்று. அந்த வகுப்பில் படித்த பெண்கள் எத்தனையோ பேர் அக்காள் பிள்ளைக்கும் அண்ணன் பிள்ளைக்கும் சட்டை தைத்துக் கொடுத்திருப்பார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பழந்துணிக்கும் கிராக்கி வந்தது. 1943இல் சர்க்கார் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. புதுச் சேலை கிடைக்காதபோது பழைய சேலையைக் கிழிக்க யாருக்கு மனசு வரும்? அந்தச் சமயத்தில் எங்கோ வட கோடியிலுள்ள பின்லாந்திலும் இதே கஷ்டம். அங்கே 1938 முதல் ஏழைத் தாய்மாருக்குச் சர்க்காரே ஒரு பெட்டி கொடுத்து வந்தது. தாய்மார் வீட்டிலே பிள்ளைக்குத் தைத்துக்கொள்ளத் துணியும் அதில் இருந்தது. யுத்தத்தில் துணி ராணுவத்துக்குப் போய்விடவே, காகித விரிப்பு வைத்துக் கொடுத்தார்களாம்! 1949 முதல் ஏழை, பணக்காரர் என்று பாராமல் எல்லாத் தாய்மாருக்கும் பெட்டி என்று ஆக்கினார்கள். நாலு வீட்டுத் துணிக்குள் நம் பாட்டிமார் ஒளித்து வைத்த அதே நியாயந்தான். எல்லோரும் வாங்கினால் யாருக்கும் வெட்கமில்லை.

தமிழ்நாட்டிலும் 2015இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பதினாறு பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் கொடுக்கும் திட்டம் வந்தது. அதிலே சட்டை உண்டு, படுக்கை உண்டு, கொசுவலைகூட உண்டு. நல்ல காரியம். நாலு வாசலில் நிற்கவேண்டியதில்லை.

என் பட்டுச் சட்டையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மறு வருஷம் அந்த வீட்டுக்குப் போனபோது, பேரனுக்குப் போட்டுக் காட்டப் பாட்டி அதை எடுத்து வந்தாள். தலை நுழையவில்லை. எல்லோரும் சிரித்தோம். "அந்த விரிப்பு எங்கே?" என்று கேட்டேன்.

"அதுவா? கீழத் தெருவில பிள்ளை பிறந்திருக்கு. வெளுத்துக் கொடுத்தனுப்பிச்சிட்டேன்" என்றாள் பாட்டி.