தமனிக் குழாய் செருகும் இடம்

அறுவை சிகிச்சையின்போது ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் இரத்த அழுத்தத்தை அளக்க, தமனிக்குள் செருகும் மெல்லிய குழாய்க்கு ஏற்ற இடம். பெரும்பாலும் மணிக்கட்டின் ரேடியல் தமனியே முதல் தேர்வு: தோலுக்கு அடியிலேயே துடிக்கும், அடைபட்டாலும் அல்நார் தமனி கையைக் காக்கும். அந்த மாற்றுவழியைச் சோதிக்க எட்கர் ஆலன் 1929-இல் விவரித்த சோதனை இன்றும் செய்யப்படுகிறது. அதன் முடிவை மட்டும் நம்பிப் பயனில்லை. இயல்பு என்று காட்டிய கையிலும் இரத்த ஓட்டம் குன்றியதுண்டு.

எந்தக் கை என்பதை அறுவையே தீர்மானிக்கும். பெருந்தமனிக் குறுக்கத்தைச் சரிசெய்யும்போது இடக்கைக்குச் செல்லும் தமனியையும் இடுக்கியால் அடைக்க நேரலாம், ஆகவே வலக்கை. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா உள்ள கையைத் தொடக்கூடாது.

செருகும் இடம் இதயத்திலிருந்து விலக விலக மேல் (சிஸ்டாலிக்) அழுத்தம் கூடுதலாகத் தெரியும். பாதத் தமனியில் இது தெளிவு. சராசரி அழுத்தம் அதிகம் மாறாது; நம்பத்தக்கது அதுவே. இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுபட்டதும் நிலைமை தலைகீழாகலாம்: மணிக்கட்டு குறைத்துக் காட்டும். அப்போது தொடைத் தமனி உதவும். முழங்கை மடிப்பின் பிராக்கியல் தமனிக்கு மாற்றுவழி குறைவு என்பதால் பலர் தயங்குவர்.