வெளியாருக்கான அனுமதி: மல்டிக்ஸ் முதல் கிளவுட் வரை

ஒரு நிறுவனத்தின் கணினியில் வெளியாரை எதுவரை அனுமதிப்பது என்ற கேள்வி கிளவுடை விட மூத்தது. 1960களில் எம்.ஐ.டி. முன்னின்று உருவாக்கிய மல்டிக்ஸ் என்ற இயங்குதளம், ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் வைத்தது. யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அதில் பெயர்வாரியாகக் குறிக்கலாம். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லோருக்கும் அனுமதி. பிற்கால அனுமதி முறைகள் பலவும் இந்தப் பட்டியலின் வழிவந்தவைதான்.

2006-இல் தொடங்கிய அமேசான் எஸ்3 சேமிப்புச் சேவையிலும் இப்பட்டியல் இருந்தது. கோப்புகளை வைக்கும் கொள்கலனான ‘பக்கெட்’, புதிதாக உருவாக்கும்போது உரிமையாளருக்கு மட்டுமே திறக்கும். ஆனால் ‘அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பயனர்கள்’ என்ற குழுவுக்கு அனுமதி கொடுத்தால், அமேசான் கிளவுடில் கணக்குள்ள யாரும், எந்த நாட்டிலிருந்தும், உள்ளே வரலாம். அது தங்கள் ஊழியர்களை மட்டுமே குறிக்கிறது என்று நினைத்து ஏமாந்த நிர்வாகிகள் உண்டு. முழுக்கத் திறந்து கிடந்த பக்கெட்டுகளும் இருந்தன: 2017 ஜூனில், டீப் ரூட் அனலிட்டிக்ஸ் நிறுவனம் வைத்திருந்த சுமார் 19.8 கோடி அமெரிக்க வாக்காளர்களின் விவரங்கள் பாஸ்வேர்டு இல்லாமலே கிடைத்தன. அடுத்த ஆண்டு நவம்பரில், பொது அனுமதியை மொத்தமாக அடைக்கும் செட்டிங்கை அமேசான் கொண்டுவந்தது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. அழைக்கப்பட்ட வெளியாள் தன் சொந்த நிறுவனக் கணக்கிலேயே நுழையும் முறை 2017-இல் பரவலாகக் கிடைத்தது. அதன் கூட்டுப்பணிச் செயலியான டீம்ஸில் விருந்தினர் அனுமதி முதலில் மூடியே இருந்தது. 2021 பிப்ரவரியில், நிர்வாகி தொடாமல் விட்ட இடங்களில் தானாகவே திறக்கப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆப்ஸ் இணைய வாசல்கள் பற்றிய விவகாரம் வெளிவந்தது. இந்த வாசல்களில் ஒரு தரவுப் பட்டியலைப் பிற மென்பொருள் எடுத்துக்கொள்ள வழிவிட்டு, தரவை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் அட்டவணை அனுமதியை இயக்காமல் விட்டால், பெயர் தெரியாத எவரும் அனைத்தையும் அள்ளலாம். அப்கார்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 47 அமைப்புகளின் 3.8 கோடிப் பதிவுகள் இப்படித் திறந்திருப்பதைக் கண்டது. கோவிட் தடுப்பூசி முன்பதிவுகளும் அதில் அடக்கம். மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்குகிறது என்பது மைக்ரோசாஃப்ட்டின் முதல் பதில். இந்த ஆபத்து பற்றிய எச்சரிக்கை அதன் கையேட்டில் இருந்தது உண்மை. ஆனால் இத்தனை அமைப்புகள் ஒரே இடத்தில் தவறும்போது, பிழையை நிர்வாகிகள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. பின்னர் மைக்ரோசாஃப்ட் அட்டவணை அனுமதியை இயல்பிலேயே இயங்கும்படி மாற்றியது. 2023 ஏப்ரலிலிருந்து எஸ்3-இன் புதிய பக்கெட்டுகளிலும் பொது அனுமதி அடைபட்டே வருகிறது; பழைய அனுமதிப் பட்டியலும் அவற்றில் அணைக்கப்பட்டிருக்கிறது.