ஆமூர் மற்போர்

ஆமூர் மற்போர்: உறையூர்ச் சோழர் குடியைச் சேர்ந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூரைச் சேர்ந்த மல்லன் ஒருவனோடு பொருது வென்ற போட்டி. சங்க காலத்தது. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் இதற்குச் சான்று. முதல் மூன்றைச் சாத்தந்தையாரும், அடுத்த மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினர். ஒரு மற்போட்டியைப் பார்த்தவர் வாய்மொழியாகவே, பிடி பிடியாகச் சொல்லும் தமிழ்ப் பதிவுகளில் இதற்கு ஈடானது அரிது.

பாடல்கள் காட்டும் போட்டி

80ஆம் பாடல் ஒன்பது அடிகளே கொண்டது. போட்டியின் முடிவுக் கணத்தை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. கிள்ளியின் ஒரு கால் எதிரியின் மார்பில் மண்டியிட்டு அழுத்துகிறது. மற்றொரு கால், எதிரி செய்ய முயலும் உத்தியைத் தடுத்து, அவன் முதுகுப்புறம் வளைந்து கிடக்கிறது. பழைய உரை தரும் விளக்கம் இதுவே. மற்போர் பழகியவர்களுக்கு இந்த நிலை உடனே புலப்படும்: மேலிருப்பவன் வெறும் எடையால் வெல்லவில்லை, ஒரு காலால் தாக்கி, மறு காலால் காத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறான். பிறகு, பசித்த யானை மூங்கிலை வளைப்பதுபோல, எதிரியின் தலையும் காலும் ஒருசேர முறிய மோதுகிறான். உரையாசிரியர்கள் கிள்ளியின் தந்தை எனக் கொள்ளும் தித்தன், உவகை கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், இதைக் காணட்டும் என்று புலவர் சொல்வது பாடலின் நடுவில் வருகிறது.

81ஆம் பாடல் போட்டியை விட்டு ஆரவாரத்துக்குச் செல்கிறது. கூட்டத்தின் ஒலி கடலினும் பெரிது. கிள்ளியின் யானை கார்கால இடிபோல் முழங்குகிறது. அவன் கையில் அகப்படுவோர் இரங்கத்தக்கவர்.

82ஆம் பாடலின் பொருள் வேகம். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, மனைவிக்குப் பேறுகால வலி, மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒரு கட்டிலை வார் கொண்டு பின்னி முடிக்க வேண்டிய தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ, அதைவிட விரைவாக முடிந்ததாம் அந்தப் போர். அரண்மனைப் பொருள் எதையும் தொடாமல், கட்டில் பின்னுபவரின் கைவேகத்தைக் கொண்டு ஓர் இளவரசனின் வெற்றியை அளந்தது சாத்தந்தையாரின் தனிச்சிறப்பு. சங்க இலக்கியத்தில் தொழிலாளியின் ஒரு மாலைப்பொழுது இவ்வளவு அணுக்கமாகப் பதிவான இடங்கள் மிகச் சிலவே.

நக்கண்ணையாரின் மூன்று பாடல்களும் ஒருதலைக் காதலைப் பாடும் கைக்கிளைத் திணையின. 83இல் வளை கழன்றால் தாய்க்கு அஞ்ச வேண்டும், தோளைத் தழுவினால் அவையோர்க்கு நாண வேண்டும் என்ற இக்கட்டு. 84இல் கிள்ளி கூழ் உண்டு வாழ்பவன், ஆயினும் பெருந்தோளன். எதிர்த்து வரும் மள்ளர்க்கு அவன், உப்பு வணிகர் அஞ்சும் ஆற்றுத்துறை போன்றவன். 85இல் ஊர் இரண்டாகப் பிரிகிறது. அவனுக்கு இது சொந்த ஊரோ நாடோ அன்று என்பதால் அவன் வென்றான் என்பார் ஒருசாரார், வெல்லவில்லை என்பார் மறுசாரார். அவளோ சிலம்பு ஒலிக்க ஓடி, வீட்டருகே முழவு போன்ற அடியுடைய பனையில் சாய்ந்து நின்று, தன் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள். பார்வையாளர் கூட்டத்தின் கருத்து வேறுபாடும், அதை ஏற்காத ஒருத்தியின் கண்சாட்சியும் ஒரே பாடலில் நிற்கின்றன.

ஐயப்பாடுகள்

‘போரவை’ என்பது கிள்ளி நடத்திய மற்போர் அவையைக் குறிக்கும் என்பர் சிலர். ஊர்ப்பெயர் என்பர் சிலர். தித்தன் அவனுடைய தந்தை என்றும், இருவர்க்கும் பகை இருந்ததால் கிள்ளி நாடிழந்து கூழுண்டு வாழ்ந்தான் என்றும் உரையாசிரியர்கள் கொள்வர். பாடல்கள் உறவுமுறையை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆமூர் எது என்பதும் முடிவாகவில்லை. திருச்சி மாவட்டம் முசிறி வட்டத்தில் அப்பெயருடைய ஊர் உண்டு. ஓய்மா நாட்டிலும் ஓர் ஆமூர் சிறுபாணாற்றுப்படையில் பேசப்படுகிறது. நக்கண்ணையார் உறையூர் வணிகர் மகள் எனின், தன் வீட்டருகே நின்று பார்த்த போட்டி ‘அவன் ஊரல்லாத ஊரில்’ நடந்தது எப்படி என்ற கேள்வியும் எழும். ஆறு பாடல்களும் ஒரே போட்டியைக் குறிப்பன என்பதைவிட, பல போட்டிகளைத் தொகுத்தன என்று கொள்வதற்கும் இடமுண்டு. தோற்ற மல்லனின் பெயர் எந்தப் பாடலிலும் இல்லை.

சங்க காலம் முதல் இடைக்காலம் வரை

பட்டினப்பாலை புகார்க் கடற்கரையில் கையாலும் படைக்கலத்தாலும் பொருதோரைக் காட்டுகிறது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் மாமல்லன் என்ற பட்டம் பூண்டான். 16ஆம் நூற்றாண்டில் விசயநகர மகாநவமி விழாவின் மற்போர்களைப் போர்த்துகீசியரான தொமிங்கோ பயஸ் எழுதினார்.

இருவர்க்கு இருவர்: திருவெள்ளறை மரபு

இரண்டு பேர் ஓர் அணியாக நின்று பொரும் போட்டிக்குத் தமிழ் பக்தி மரபில் நன்கு அறியப்பட்ட கதை, கம்சனின் அரங்கில் கண்ணனும் பலராமனும் சாணூரன், முஷ்டிகன் என்ற மல்லரை எதிர்கொண்டது. பாகவதத்தில் சாணூரனோடு கண்ணனும், முஷ்டிகனோடு பலராமனும் தனித்தனியே மோதுகின்றனர். மலைபோன்ற மல்லரோடு சிறுவரைப் பொரவிடுவது அறமன்று என்று மதுரா நகரப் பெண்கள் கூட்டத்திலிருந்து பேசுகின்றனர். நக்கண்ணையாரைப் போலவே இங்கும் போட்டியின் நியாயத்தை எடைபோடுவோர் பெண்களே.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே துறையூர்ச் சாலையிலுள்ள திருவெள்ளறை புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் இம்மரபோடு தொடர்புடையது. பெரியாழ்வார் திருமொழியில் இத்தலத்துக் கண்ணனுக்கு அந்திக்காப்பிடும் பதிகம் உள்ளது. கம்சன் ஏவிய பேயை நினைவூட்டி, அந்திநேரத்தில் மன்றில் நிற்காமல் வீட்டுக்கு வரும்படி தாய் அழைக்கிறாள். அதே ஆழ்வார் திருப்பல்லாண்டின் தொடக்கத்தில், மல்லரை வென்ற தோளுடையவனுக்கே பல்லாண்டு பாடுகிறார். வென்றவனுக்கும் தீங்கு நேரக்கூடாதே என்று அஞ்சும் இந்த மனநிலை, மற்போரைக் காண்போர் எவர்க்கும் பழக்கமானது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியும் பின்னரும்

பழைய உரை முதல் 266 பாடல்களுக்குக் கிடைப்பதால் ஆமூர்ப் பாடல்களுக்கும் உரை உண்டு. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபின் இவை பொதுவாசகரை அடைந்தன.

தமிழகத்தில் குஸ்தி, பயில்வான், கோதா ஆகிய சொற்கள் வழக்கில் பரவின. தாராசிங் (1928–2012), ஹங்கேரியரான எமில் சாயா என்ற கிங்காங் ஆகியோரின் பெயர்கள் ஒரு தலைமுறையின் பேச்சில் இணைந்தே வரும். இவர்கள் நிகழ்த்தியது தொழில்முறை மற்போர். முடிவு முன்னரே வகுக்கப்படும். ஆகவே யார் வெல்வார் என்பதைவிட, வெற்றி எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதே இதில் சுவை.

இணைப் போட்டி இதன் தனிவகை. அணிக்கு இருவர், ஒருவர் களத்தில் பொர, மற்றவர் கயிற்றுக்கு வெளியே மூலையில் நிற்பார், கைதொட்டு மாறலாம். ஜப்பானில் 1954 பிப்ரவரி 19இல் டோக்கியோவின் குராமாயே கொக்குகிகானில் ரிக்கிடோசானும் மாசாகிகோ கிமுராவும் கனடியரான ஷார்ப் சகோதரரோடு மோதியதை மக்கள் தெருவோரத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் கூடிப் பார்த்தனர். 1955 நவம்பரில் ஆசிய இணைப் பட்டத்தை முதலில் வென்றோர் கிங்காங்கும் இந்தியரான டைகர் ஜோகிந்தர் சிங்கும்.

இவ்வகையில் மிகச் சிறந்ததாகப் பலர் கருதுவது 1995 ஜூன் 9இல் நிப்பான் புடோகானில் நடந்தது. மிட்சுஹாரு மிசாவா, கென்டா கோபாஷி இணையை டோஷியாகி கவாடா, அகிரா டாவே இணை நாற்பது நிமிடங்களுக்கு மேல் பொருது வென்றது. காலில் கட்டுடன் வந்த கோபாஷியின் அந்தக் காலையே எதிரிகள் குறிவைத்தனர். இறுதிக்கட்டத்தில் எழமுடியாமல் கிடந்த மிசாவாவின் மேல் கோபாஷி தன் உடலைக் கவிழ்த்து அடிகளை வாங்கிக்கொண்டார். அதன்பின் கவாடா முதன்முறையாக மிசாவாவைத் தரையில் அழுத்தித் தோற்கடித்தார். மிசாவா 2009இல் ஹிரோஷிமாவில் ஒரு போட்டியில் அடிபட்டு இறந்தார்.

புடோகான் போட்டிக்குப் படப்பதிவு உண்டு. ஆமூருக்குச் சொற்கள் மட்டுமே. எனினும் எந்தக் கால் எங்கே இருந்தது, கூட்டம் என்ன சொன்னது, வேகம் எதற்கு இணை என்று மூன்றையும் பார்த்துச் சொன்ன முறை ஆமூர்ப் பாடல்களில் முழுமையாக அமைந்திருக்கிறது. எந்நாட்டு மற்போட்டியையும் தமிழில் சுவைத்து எழுத விரும்புவோர் சாத்தந்தையாரிலும் நக்கண்ணையாரிலும் தொடங்குவது தகும்.