காணிக்கை அலமாரி

'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்' என்ற படத்தலைப்பைக் கேட்டதும் நம்மாள் ஒருவரின் கதை என்றுதான் நினைத்தேன். இண்டியன் என்பது அமெரிக்க மோட்டார் சைக்கிளின் பெயர். ஓட்டியவர் நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊர்க்காரரான பர்ட் மன்ரோ.

1920இல் அவர் வாங்கிய இண்டியன் ஸ்கவுட்டுக்கு 600 சிசி எஞ்சின். மணிக்கு 88 கிலோமீட்டர் போகும். மன்ரோவுக்கு அது போதவில்லை. பந்தயப் பாகங்கள் வாங்கக் காசும் இல்லை. மனுஷன் தானே செய்ய ஆரம்பித்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் வார்த்தார். சக்கரக் கம்பி ஒன்றுதான் அவருடைய மைக்ரோமீட்டர். எஞ்சினும் 950 சிசியாக வளர்ந்தது.

இன்று நாங்கள் ஒரு பாகம் எங்கே உடையும் என்பதைக் கணினியிலேயே பார்த்துவிடுகிறோம். அவருக்கு உடைந்த பிறகுதான் தெரியும். உடைந்ததை அவர் வீசவில்லை. 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்றெழுதிய அலமாரியில் அடுக்கினார்.

1967இல், 68 வயதில், அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில் 1000 சிசிக்குட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். பதிவான வேகம் மணிக்கு 183.586 மைல். கணக்கில் பிழை இருப்பதை அவர் மகன் கவனித்துச் சொல்ல, 2014இல் அது 184.087 என்று திருத்தப்பட்டது. அப்போது மன்ரோ இறந்து 36 ஆண்டுகள்.

வரலாறு அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டது. அதுவே 47 வருடம் தப்பாக இருந்திருக்கிறது. அலமாரியில் இருந்த உடைசல்களில் திருத்த ஒன்றுமில்லை. எனக்கென்னவோ அவைதான் நம்பகமான ஆவணமாகப் படுகின்றன.